நோட்டீஸின் பின்பக்கம்

நல்லம்பள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். வருகிறவர் காகிதத்தை நீட்டுவார், நான் வாங்கிக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிடலாம். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கூச்சம் மட்டும் நிற்கவில்லை, நாற்பத்தெட்டு வயதாகியும் கூடவே வருகிறது. கல்யாணமாகி வந்த புதிதில், பெண் ஊமையோ என்று மாமியார் என் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம்.

அப்படிப்பட்ட நான் போன வருடம் இரண்டு மாதம் ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து, நீங்கள் எந்தக் கட்சி, அடுத்த கட்சிக்காரன்மேல் உங்களுக்கு எவ்வளவு கோபம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்றால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அதற்குக் காரணம் ஒரு பெண். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். கட்சிப் பற்று உள்ளவர்கள் அடுத்த கட்சிக்காரர்களை ஏன் வெறுக்கிறார்கள், அந்த வெறுப்பு எப்போது கைகலப்பில் முடிகிறது என்பது அவள் ஆராய்ச்சி. கேள்வித்தாளை இருபது பிரதி எடுக்க என் கடைக்கு வந்தாள். இயந்திரம் ஓடும்போது நான் அதைப் படித்தேன். 'மாற்றுக் கட்சி ஆதரவாளர்கள் மீது தாங்கள் கொண்டுள்ள உணர்வின் தீவிரத்தை ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவுகோலில் குறிப்பிடுக' என்று இருந்தது.

என்னை மீறி வாய் திறந்துவிட்டது. "இப்புடிக் கேட்டா பதில் வராதுங்க மேடம். ரேசன் கார்டுல பேர எடுக்க வந்திருக்காங்கன்னு கதவ சாத்திக்குவாங்க."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப எப்படிக்கா கேக்கணும்?" என்றாள்.

கல்லாப்பெட்டியின் மேல் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை கிடந்தது. பக்கத்து வீட்டில் புளி தட்டுகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் விளையாடிவிட்டு விட்டுப்போனது. ஐந்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "கோவம் இல்லன்னா ஒன்னும் வெக்க வேணாம். கொஞ்சம் கோவம்னா ஒன்னு ரெண்டு. மூஞ்சியே பாக்க மாட்டன்னா அஞ்சும்."

அவள் கொட்டைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாளே ஒரு ஸ்கூட்டியோடு வந்து, கூட வரச் சொல்லிக் கேட்டாள். மத்தியானத்துக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது, மகள் பார்த்துக்கொள்வாள் என்று ஒப்புக்கொண்டேன். பேசுவது அவள் வேலை, வழி காட்டுவதும் கொட்டை எடுத்து வைப்பதும் என் வேலை என்று பேச்சு.

என் வீட்டுக்காரர் மோட்டாருக்கு காயில் கட்டுகிறவர். அதைவிடப் பெரிய வேலை, அவர் கட்சியில் கிளைச் செயலாளர். விஷயத்தைச் சொன்னதும் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மொதல்ல என்கிட்ட கேக்கச் சொல்லு. முப்பது வருச அனுபவம்." கூட வருகிறவர் குடும்பத்தில் கேட்கக் கூடாது என்பது ஆராய்ச்சியின் விதி என்று அந்தப் பெண் சொன்னாள். அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து டீக்கடையில், "எங்க வூட்டுலதான் ஆராய்ச்சி நடக்குது" என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்.

புளியங்கொட்டை நன்றாக வேலை செய்தது. ஒரு வீட்டில் அம்மா ஒருவர் இரண்டு கொட்டை வைத்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் அங்கிருந்தே, "இன்னும் ரெண்டு வையி, அவனுங்க பண்ணதுக்கு" என்றார். அந்தம்மா, "உனக்கு வேணும்னா நீ வந்து வையி, இது என் கணக்கு" என்று ஒரு கொட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வத்தல்மலையில் சாமை விதைக்கிற ஒருவர் ஒன்றுமே வைக்கவில்லை. "ரெண்டு கட்சியும் எலக்சனுக்குத்தான் மல ஏறி வருது. வராதவங்ககூட என்னா கோவம்?" என்றார்.

சிக்கல் வந்தது ஒரே ஒரு கேள்வியில். மாற்றுக் கட்சியை ஆதரிக்கும் குடும்பத்தில் பெண் கொடுப்பீர்களா, பெண் எடுப்பீர்களா என்று ஒரு கேள்வி. இதை வைத்துத்தான் வெறுப்பு வீட்டுக்குள் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வார்களாம். எங்கள் பக்கத்தில் இரண்டு பெண்கள் ஒரு ஃபைலோடு வந்து பாயில் உட்கார்ந்து, பிள்ளைகள் எத்தனை, என்ன படித்திருக்கிறார்கள், நிலம் எத்தனை ஏக்கர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் இந்தக் கேள்வியைக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

முதல் வீட்டுக்காரர் எங்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "கட்சி கெடக்குதுங்க. பையன் எந்த ஊரு?" என்றார்.

"எந்தப் பையன்?" என்றாள் ஆராய்ச்சிப் பெண்.

"ஜாதகம் கொண்டாந்திருக்கீங்களா?"

அதற்குள் உள்ளே இருந்து அவர் மகள் புதுப்புடவை கட்டி, தலை நிறைய சாமந்தி வைத்து, காப்பித் தட்டோடு வந்துவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விஷயத்தை விளக்கியதும் அந்த வீட்டம்மாவுக்கு வந்த கோபத்துக்கு ஐந்து கொட்டை போதாது. "அப்புறம் எதுக்கு நெலம் எத்தன ஏக்கர்னு கேட்டீங்க?" என்றார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து எந்த வீட்டுப்படி ஏறினாலும், "நாங்க பொண்ணு கேட்டு வரலீங்க" என்று முதலில் சொல்வது என் பொறுப்பானது. அந்த ஒரு வாக்கியத்தை நாற்பது ஐம்பது வீட்டில் சொல்லிச் சொல்லியே என் கூச்சம் பாதி போய்விட்டது.

எல்லா வீட்டிலும் கல்யாணப் பேச்சு வந்தபோது, என் வீட்டுக் கல்யாணம் எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தோம். அரூர் பக்கத்து மாப்பிள்ளை, ஓசூரில் வேலை. நல்ல குடும்பம். ஆனால் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குத் தாய்மாமன் எங்கீங்க?" என்று கேட்டார். காய்ச்சல் என்று சொன்னேன். கல்யாணத்தன்று அந்தக் காய்ச்சல் செல்லாது. பெண்ணுக்கு மாலை போட்டுக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன்தான். முதல் பத்திரிகையும் அவருக்குத்தான் வைக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவர் எங்கள் வீட்டுப்படி ஏறி ஐந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. என் மகள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பத்திரிகையில் மாமன் பெயரைப் போடட்டுமா வேண்டாமா என்று மட்டும் ஒருநாள் கேட்டாள். நான் போடச் சொன்னேன். போட்டபின் அவர் வராமல் போனால் என்ன செய்வது என்று அப்புறம் பயந்தேன்.

அண்ணன் அடுத்த கட்சி. எங்கள் ஊரும் அண்ணன் ஊரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே பஞ்சாயத்து. அப்போது ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல். பிரசாரத்தின் கடைசி நாள் அண்ணனின் கட்சி ஊர் முழுக்க ரோஸ் நிறக் காகிதத்தில் நோட்டீஸ் கொடுத்தது. ஒரு பக்கம் அவர்கள் வேட்பாளர். திருப்பினால், என் வீட்டுக்காரர் கட்சி வேட்பாளர் அதே அளவில் கைகூப்பிக்கொண்டு ஓட்டுக் கேட்டார். அண்ணனின் ஆட்கள் தங்கள் கையாலேயே எதிராளிக்கு வீடு வீடாகப் பிரசாரம் செய்துவிட்டார்கள். ஊரே சிரித்தது. இது என் வீட்டுக்காரரின் சதி என்று அண்ணன் முடிவு கட்டினார். எங்கள் கூட்டத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கித் தன் வீட்டருகே இருந்த கிணற்றில் போட்டார். அவை முழுகவும் இல்லை, மிதந்தபடி கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. நாற்பத்தைந்து தாண்டிய இரண்டு பேரும் சேற்றில் கட்டிப் புரண்டார்கள். இவருக்குச் சட்டை கிழிந்தது, அண்ணனுக்கு உதடு வீங்கியது. இவர் கட்சிக்காரர்களோ என்ன மூளை என்று இவரைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். இவரும், "அரசியல்னா அப்புடித்தான்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

உண்மையில் அதைச் செய்தது நான்தான்.

அண்ணனின் நோட்டீஸும் இவர் நோட்டீஸும் என் கடையில்தான் அச்சானது. அண்ணனுடையதை முடித்து, கவிழ்த்து, அதே நிற வெற்றுக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இவருடையதை ஆரம்பிக்கும்போது அந்தக் கட்டையே தவறுதலாக இயந்திரத்துக்குள் வைத்துவிட்டேன். என் இயந்திரத்தில் அச்சான பக்கம் கீழே பார்த்து விழும். ஓடி முடிந்ததும் மின்சாரம் போனது. வந்ததும் பார்த்தால் தட்டில் அண்ணனின் நோட்டீஸ்தான் மேலே தெரிந்தது. சரி, இவருடையது ஓடவே இல்லை போலிருக்கிறது என்று அந்தக் கட்டை அண்ணனின் ஆட்களிடம் கொடுத்துவிட்டு, இவருக்குப் புதிதாக ஒருமுறை ஓட்டினேன். அன்று மாலை தண்ணீர்க் குழாயடியில் கிடந்த ஒரு நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் நாற்காலிகள் கிணற்றில் இருந்தன. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இரண்டு கட்சிக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று வாயைத் திறக்க என்னால் முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு எல்லா நாளும் நாளைக்கு என்றே ஆகிவிட்டது.

ஆராய்ச்சியில் வீடுகளை நம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. ஊர்க் கோவிலிலிருந்து எண்ணிக்கொண்டு போய் ஒவ்வொரு எட்டாவது வீட்டிலும் கேட்க வேண்டும். அண்ணனின் ஊருக்குப் போன அன்று, அந்தப் பெண் எண்ணத் தொடங்கியபோதே நானும் மனதுக்குள் முந்தி எண்ணிவிட்டேன். எட்டாவது வீடு அண்ணனுடையது.

"பக்கத்து வூட்டுல கேட்டுக்கலாம் மேடம்" என்றேன்.

"வீட்ட மாத்தினா ஆராய்ச்சியே போச்சுக்கா. ஏன், நாய் இருக்கா?"

"எங்கண்ணன் இருக்காரு."

கூட வருகிறவரின் சொந்தக்காரர் என்றால் கேட்கலாமா கூடாதா என்று அவளுக்கே சந்தேகம். ஒரே வீடு இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை என்பதால் கேட்கலாம், ஆனால் நான் வாயே திறக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னாள். அது எனக்குச் சுலபம் என்று நினைத்தேன்.

அண்ணன் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார். என்னைப் பார்க்கவில்லை. வழக்கமான வாக்கியத்தை நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணி உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, கண்ணாலேயே சிரித்துவிட்டு மறைந்தார்.

"உங்ககூட வந்திருக்கிறவங்களுக்கு மோர் வேணுமான்னு கேளுங்க" என்றார் அண்ணன், ஆராய்ச்சிப் பெண்ணிடம்.

அவள் என்னிடம் திரும்பி, "மோர் வேணுமாக்கா?" என்றாள். தலையாட்டினேன். "வேணுமாம்" என்று அவரிடம் சொன்னாள். இரண்டடி தூரத்தில் இருந்த நாங்கள் சென்னைக்காரி வழியாகப் பேசிக்கொண்டோம். நான் கொட்டைகளை எடுத்து வைத்தேன்.

"மாற்றுக் கட்சிக்காரங்க மேல எவ்வளவு கோபம்?"

"கட்சி மேல ரெண்டு. என் மாப்ள மேல அஞ்சு. ஆக ஏழு. கொட்ட பத்தாது."

"அஞ்சுதாங்க அதிகபட்சம்."

"அப்ப கட்சிய மன்னிச்சு வுட்டுடறன். அஞ்சும் அவனுக்கே." ஐந்தையும் வரிசையாக அடுக்கினார். ஏன் என்று அவள் கேட்க, நோட்டீஸ் கதையை முதலிலிருந்து சொன்னார். நாற்காலி மிதந்த இடம் வந்தபோது அவருக்கே சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். அவள் வேகமாக எழுதினாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"மாற்றுக் கட்சிக் குடும்பத்துல பொண்ணு கொடுப்பீங்களா?"

"கொடுத்து இருவத்தாறு வருசம் ஆச்சும்மா. கூட வந்திருக்குதே, அதத்தான் கொடுத்தன்."

அவள் பேனா நின்றது. அண்ணன் தக்காளிக் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த வூட்டுல ஆவணில கல்யாணமாம். ஊர்ல அத்தன பேரும் எங்கிட்ட வந்து, மாமன் சீர் என்னா செய்யறீங்கன்னு கேக்கறாங்க. பொண்ண இந்த முதுகுல தூக்கித் தீர்த்தமலைப் படி ஏறினவன் நானு. என்னான்னு பதில் சொல்லுவன்? அவன் அத்தன ஏமாத்து வேல பண்ணிட்டு, ஒரு நாளாச்சும் தப்புன்னு சொன்னானா?"

"அவுரு பண்லண்ணா."

சொன்னது நான்தான் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஆராய்ச்சிப் பெண் விதியை நினைவூட்டக் கையைத் தூக்கி, பாதியிலேயே இறக்கிவிட்டாள்.

நான் கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கவிழ்த்து வைத்த கட்டு, போன மின்சாரம், கீழே பார்த்து விழும் பக்கம். அண்ணன் எழுந்தார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். கேள்வித்தாளை எடுத்து ஒருமுறை கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்துப் பார்த்தார்.

"அஞ்சு வருசம்" என்றார்.

"ம்."

"அஞ்சு வருசம் வாயில என்னா வெச்சிருந்த?"

உள்ளே இருந்து அண்ணியின் குரல் வந்தது. "அது பொறந்ததுல இருந்தே அப்புடித்தான். நீங்கதான் அதோட மாமியாகிட்ட, பேசும் பேசும்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தீங்க."

அண்ணன் குனிந்து, என் வீட்டுக்காரருக்கு அடுக்கியிருந்த ஐந்து கொட்டையையும் வழித்து எடுத்து என் முன்னால் வைத்தார். "அஞ்சும் இனி உனக்கு, பாப்பா."

கோபம் முழுவதும் என்மேல் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் வழியாக இல்லாமல், நேராக என் முகத்தைப் பார்த்து, சின்ன வயதில் கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கொடுத்தார். நான் அழுதேனா சிரித்தேனா என்று ஆராய்ச்சிப் பெண்ணைத்தான் கேட்க வேண்டும். அவள் மோரைக் குடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். "நான் பண்லன்னு அவன் வாயால சொல்லணும். செய்யாததுக்கு அஞ்சு வருசமா பேரு வாங்கித் திங்கறான். சொல்லிட்டுப் பத்திரிக வெக்கச் சொல்லு, வர்றன்."

இது அண்ணனிடம் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. என் வீட்டுக்காரர் காயில் சுற்றிக்கொண்டே கேட்டார். முடித்ததும் கம்பியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் பண்லையா?"

"நீங்க எப்புடிங்க பண்ணியிருக்க முடியும்? அன்னைக்குக் கடப் பக்கமே வரல."

"அது தெரியும். ஆனா யோசன என்னுதுதான்னு நெனச்சிருந்தன்."

ஐந்து வருடம் சொல்லிச் சொல்லி அவரும் நம்பிவிட்டார். பாவமாக இருந்தது. கட்சியில் அவருக்குக் கிடைத்த ஒரே பெரிய பேர் அது. இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் மகள் பத்திரிகைக் கட்டைப் பிரித்து, மாமன் பெயர் இருந்த வரியில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், கட்சிக்கரை போட்ட வேட்டியை மடித்து வைத்துவிட்டு, வெறும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "தட்டுல வெத்தல பாக்கு வையி" என்றார்.

அண்ணன் வீட்டில் வாசலிலேயே நின்றுகொண்டு, யாரும் உட்காரச் சொல்வதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோல, "மச்சான், அந்த நோட்டீசு நான் பண்ணதில்ல" என்றார்.

"தெரியும்" என்றார் அண்ணன். "உனக்கு அவ்ளோ மூள எங்க இருக்குது?"

இவர் முகம் சிவந்தது. அண்ணி உடனே தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். இவர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, "நாக்காலிய வாடகக்காரன் இன்னும் மறக்கல" என்றார்.

"கல்யாணத்துக்கு எத்தன நாக்காலி வேணும்னு சொல்லு. நானே கொண்டாந்து போடறன். அதுவும் சீர்தான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிணற்றுப் பக்கம் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

ஆராய்ச்சிப் பெண் அந்த வீட்டுத் தாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. கூட வந்தவர் குறுக்கே பேசிவிட்டதால் செல்லாது என்று எழுதி ஓரமாக வைத்துவிட்டாள். எனக்கு வருத்தமாக இருந்தது. "உங்க ஒரு வூட்டு வேல என்னால கெட்டுப்போச்சே" என்றேன். "அந்த ஒரு வீட்டப் பத்தித்தான்கா எங்க சார்கிட்ட அரைமணி நேரம் பேசினேன்" என்றாள். கல்யாணத்துக்கும் வந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய், அதோ மாலையோடு வருகிறாரே அவர்தான் தாய்மாமன், காய்ச்சல் சரியாகிவிட்டது என்று அவளே சொன்னாளாம்.

அதெல்லாம் பிறகு. அன்று வாசலில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தட்டை நீட்டினோம். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பத்திரிகையை எடுத்தார். மஞ்சள் தடவிய பக்கத்தைப் பார்த்தார். பிரித்துத் தன் பெயர் எங்கே என்று தேடினார், கண்டுபிடித்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பத்திரிகையை மெதுவாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஒன்னும் இல்லண்ணா" என்றேன். "இது வெளிய அடிச்சது."